அடிவெயில்

சந்தனமாரி வீட்டு உள்சுவரில் முதன்முதலாகக் காக்கா பறந்தது, அவள் புருஷன் சுயம்பு தோணி ஏறிப் போன அன்று சாயங்காலம், தெருவில் கரண்டு போயிருந்த நேரத்தில். மாவு வழித்த கையோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேட்டரி பல்பு வெளிச்சத்தில் ஒரு காக்காயின் நிழல் அலமாரி மேலே வந்து, காலண்டரைத் தாண்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, வாசல் இல்லாத பக்கமாகப் பறந்து போனது. வீட்டுக்குள் காக்கா இல்லை. 'ச்சூ' என்று சும்மா ஒரு தடவை விரட்டிவிட்டு, மாவு புளித்துவிடுமே என்று மறுபடி குனிந்துகொண்டாள். காக்காய்க்குப் பின்னால் ஒரு சேலை ஆடியது, சேலைக்குப் பின்னால் வாலறுந்த பட்டம் ஒன்று போனது, பட்டத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மேகம் சுவர் முழுக்கப் பரவி, அடுப்பங்கரைப் பக்கம் ஒதுங்கியது.

அந்தச் சேலை, பக்கத்து வீட்டு ரோசம்மா மத்தியானம் மாடிக் கொடியில் காயப்போட்ட சேலை. கரையில் இருந்த கிழிசல்கூட மாறாமல் இருந்தது. மத்தியானம் மாடியில் இருக்கிற சோலார் பேனல்மேல் எதெது நிழலாக விழுந்ததோ, அதெல்லாம் வெயிலோடு சேர்ந்து பேட்டரிக்குள் இறங்கி, சாயங்காலம் வெளிச்சத்தோடு சேர்ந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சந்தனமாரி நினைத்துக்கொண்டாள். பேனலையும் பேட்டரியையும் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டு, ஒரு நாள்கூட அனுபவிக்காமல் தோணி ஏறிப் போன மனுஷன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று அந்தச் செய்தியை மனசுக்குள் எடுத்து வைத்தாள்.

ஒத்தப்பனைத் தெரு இருப்பது தூத்துக்குடியின் கடைசியில், வீடுகள் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலுக்குக் காட்டினால் அது வெள்ளைக் கல்லாக மாறிக் கிடப்பதைத் தினமும் வாரிக் குவிக்கிறவர்களிடம் போய், வெயிலுக்குள்ளே இன்னும் கொஞ்சம் சாமான் இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் வாயைப் பிளப்பார்களா என்ன? தெரு அதைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டது. ரோசம்மா மட்டும், "ஏ மாரி, எம் பாவாடையெல்லாம் ஒன் வீட்டுச் செவத்துல ஆடுதாம்லா, ஒரு வார்த்த சொல்ல மாட்டியா" என்று கோபித்துக்கொண்டு, கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினாள். உப்பளக் கங்காணி ஒருவர் மத்தியானம் பேனல் முன்னால் மிடுக்காக நின்றுவிட்டு, சாயங்காலம் வந்து சுவரில் தன் தொந்தியைப் பார்த்து, கொஞ்ச நாளைக்குப் பரோட்டாவை நிறுத்தினார். பெண் பார்க்க வந்த வீட்டார் நகையையும் நிறத்தையும் விட்டுவிட்டு நிழலைப் பார்த்துச் சம்மதம் சொன்ன கதையும் நடந்தது. நிழலுக்குப் பவுடர் பூச முடியாதே. கரண்டு மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் சுவரில் நீந்திய கொக்கைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், "இது எங்க லைன்ல வாரது இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மீட்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதற்கு அவர் பொறுப்பாக முடியாது.

பேனல் வந்த கதை பெரிய கதை இல்லை. சந்தனமாரி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் கரண்டு பில் வரும்போதெல்லாம் கிரைண்டரைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். கரண்டு போனாலோ, ஊறின அரிசி பாத்திரத்திலேயே கிடந்து புளிக்கும். சுயம்பு தோணியில் மோட்டாரும் விளக்கும் பார்க்கிற ஆள். உப்பளத்துப் பம்புக்கு மாட்டியிருந்த பேனல்களை முதலாளி மாற்றியபோது, பழையதில் நல்லதாக ஒன்றைப் பேசி வாங்கி, சைக்கிளில் நிறுத்தி வைத்துக் கட்டி, உருட்டிக்கொண்டே வந்தான். பேட்டரி புதிது. அது ஆயுதபூசை அன்று. "மத்தியானச் சூட்டுல நல்லா ஓடும், என்ன?" என்று அவள் கேட்டதற்கு, "சூட்டுல ஓடுறது இல்லட்டி, வெளிச்சத்துல ஓடுறது. சூடு ஏறுனா கொறயத்தான் செய்யும். தெக்க பாத்து சாச்சு வச்சிருக்கேன், உப்புக்காத்து படியப் படிய நல்ல தண்ணி விட்டுத் தொடச்சிரு. அது போதும்" என்றான். இன்வெர்ட்டரில் கிரைண்டரையும் ஃபேனையும் சேர்த்தான். தோணியில் கழற்றிப் போட்ட ஒரு லாரி பல்பை மட்டும், இன்வெர்ட்டர் மக்கர் பண்ணினாலும் வீடு இருட்டாகக் கூடாது என்று, பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுத்து மாட்டினான்.

சந்தனமாரி அன்றைக்குக் கிரைண்டருக்கு, ஃபேனுக்கு, சைக்கிளுக்கு, அவன் ஸ்க்ரூடிரைவருக்கு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்து, மீதிச் சந்தனத்தோடு மாடிக்கு ஏறினாள். வீட்டுக்கு வந்த புது ஆயுதம் ஆயிற்றே! பேனலுக்கு மூன்று பட்டையாகத் திருநீறு போட்டு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மூலையில் இன்னொரு சின்னப் பொட்டும் வைத்தாள். சுயம்பு பார்த்தான், பதறிப் போனான். "ஏட்டி, கண்ணயே மூடிட்டியே! ஒரு கட்டம் மறஞ்சா வரிசை பூராவும் படுத்துரும்ட்டி. பொட்டு வைக்கிற எடமா இது?" என்று கத்திக்கொண்டே குனிந்து துடைத்தான். நல்ல நாளும் அதுவுமாகச் சாமிக்கு வைத்ததைத் துடைக்கிறாரே என்று இவள் முகம் விழுந்துவிட்டது. வெறுங்காலோடு, கையில் தட்டோடு, கொதிக்கிற மாடியில் நின்றது ஞாபகம் இருக்கிறது. எப்போது கீழே இறங்கினாள் என்பது ஞாபகம் இல்லை, கோபம் அதை விழுங்கிவிட்டது. "முதல் சார்ஜ் முழுசா ஏறட்டும், நாளைக்கு சாயங்காலம் போடு" என்று அவன் சொன்னதற்கும் அவள் 'ம்' கொட்டவில்லை. மறுநாள் விஜயதசமி. வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட தோணிக்கு, அவள் பேசாமல் கட்டிக்கொடுத்த இட்லியை வாங்கிக்கொண்டு அவன் போனான்.

தோணி திரும்பி வரவில்லை. கார்த்திகையில் அடித்த புயலில் கடல் எதையெதையோ கரையில் கொண்டுவந்து போட்டது, அந்தத் தோணியின் ஒரு பலகையைக்கூடப் போடவில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். தெருவுக்கே கரண்டு இல்லை, வானம் கரிச்சட்டி மாதிரிக் கிடந்ததால் பேனலுக்கும் வேலை இல்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே போனது. ஒரு சாயங்காலம் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி ஓய்ந்த பிறகும் அந்த லாரி பல்பு மட்டும் மங்கலாக எரிந்தது. அப்போது சுவரில் வந்ததோ நேற்றைய காக்காவோ முந்தாநாள் மேகமோ இல்லை. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, சுவரில் ஒரு ஆம்பிளை குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

துடைக்கும்போது வலது தோளை லேசாகத் தூக்குகிற ஆள் அந்தத் தெருவில் ஒருத்தன்தான். பக்கத்தில் தட்டேந்தின ஒரு பெண் நிழல் நின்றது. குனிந்தவன் நிமிர்ந்தான், திரும்பினான். பெண் நிழல் சட்டென்று காணாமல் போயிற்று. அவன் அவள் நின்ற இடத்தைப் பார்த்து, தலையைக் குனிந்து, என்னவோ சொல்ல வாயெடுத்தவன்போல நின்றான். பல்பு சிவந்து அணைந்துவிட்டது.

ஒருத்தி "ஆவி" என்று அலறினாள். "ஆவியுமில்ல கோவியுமில்ல, சும்மா கெட" என்று அடக்கினவள் ரோசம்மா. "அன்னைக்கி அடிச்ச வெயிலு இது. புளிப்பானையில பழைய புளி அடியிலதான கெடக்கும்? மேல உள்ளது செலவாகவும் அடியில உள்ளது வந்துட்டு." அதற்கு அடிவெயில் என்று தெரு பேர் வைத்தது. அப்படித்தான் எல்லாருக்கும் விளங்கியது: பேட்டரிக்கு மேலே இன்றைய வெயில், அதற்குக் கீழே பழைய வெயில், எல்லாவற்றுக்கும் அடியில், காந்தல்போல ஒட்டிக்கொண்டு, முதல்நாள் வெயில்.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை சந்தனமாரி பேட்டரியை அடிவரை இறக்கினாள். மத்தியானமே மெயின் ஸ்விட்சை அணைத்து, பேனல் ஒயரையும் கழற்றிவிடுவாள். தெரு வந்து கைகொடுக்கும். பேட்டரியை வற்றவைக்கிற காரியத்துக்கு ஒரு ஊரே கூடி வேலை செய்ததை வேறெங்கும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருத்தி மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து தேவையில்லாமல் சட்னி அரைப்பாள், ஒருத்தன் தெருவில் உள்ள போனையெல்லாம் வாங்கி வந்து சார்ஜ் போடுவான், கிரைண்டர் வெறும் தண்ணீரை அரைத்துக்கொண்டிருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடி என்று தினமும் பிள்ளைகளை வைகிற வாயெல்லாம் அன்றைக்கு மட்டும் "இன்னொரு ஃபேன் போடு" என்று சொல்லும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்வெர்ட்டர் கத்தி ஓயும். எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். சுயம்பு குனிந்து துடைப்பான், நிமிர்வான், திரும்புவான், அவள் காணாமல் போவாள், அவன் சொல்ல வாயெடுப்பான், பல்பு அணைந்துவிடும்.

என்ன சொன்னான்? அதுதான் சந்தனமாரியை அரித்தது. கோபத்தில் விறுவிறென்று இறங்கிப் போனவளின் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத மாடியில் நின்று, மறுநாள் கடலுக்குப் போகிற மனுஷன் என்ன சொல்லியிருப்பான்? மாவு அரைக்கும்போது கேட்டாள், பாக்கெட் போடும்போது கேட்டாள், பேனலைத் துடைக்கும்போது அதனிடமே கேட்டாள். தெருவும் சேர்ந்து யோசித்தது. "தண்ணி கேட்டிருப்பாரு, பாவம், வெயில்ல நின்னாருல்லா" என்றாள் பிள்ளை வெளியூரில் வேலைக்குப் போயிருந்த ஒருத்தி. "என் மேல தப்புதாம்ட்டின்னு சொல்லியிருப்பாரு" என்றாள், புருஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டே இராத ரோசம்மா. அவரவர்க்குக் கிடைக்காத பேச்சை அவரவர் அந்த நிழல் வாயில் வைத்துப் பார்த்தார்கள். சந்தனமாரிக்கு எதுவும் பொருந்தவில்லை. அவளுக்கு அவன் சொன்னதுதான் வேண்டும்.

ஆடி அமாவாசை வந்தபோது சுயம்புவின் அண்ணன் வந்து, திண்டாடித் திண்டாடிப் பேச்சை எடுத்தார். "கடக்கரையில எள்ளுந்தண்ணியும் எறச்சிருவோம்மா. எத்தன நாளைக்கு இப்படி?" சந்தனமாரி அவருக்குக் காப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நிழலு விழுதவியளுக்கு எப்படித்தான் எள்ளுந்தண்ணி எறப்பிய?" அவர் அன்றைக்குச் சாயங்காலம் வரை இருந்து, தம்பி தோளைத் தூக்கித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறினார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் காந்தலைச் சுரண்டச் சுரண்டச் சட்டி தேயத்தானே செய்யும். நிழல் வர வர வெளிறியது. பேட்டரியும் படுத்துக்கொண்டே வந்தது. கரண்டு போனால் பாதி மாவிலேயே கிரைண்டர் நின்றது. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடை பார்த்தார்கள். கடைசியில் பேட்டரி கடை தாவீதைக் கூப்பிட்டாள். அவர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"தண்ணியெல்லாம் ஒழுங்காத்தான் ஊத்தியிருக்க தங்கச்சி. ஆனா இது பாதிக்குக் கீழ எறக்கக் கூடாத சாதனம். நீ அடிவரைக்கும்லா வழிச்சிருக்க? தகட்டுல பூரா வெள்ளையா உப்பு பிடிச்சிட்டு."

"உப்பா?"

"ஆமா. ஒங்க பாத்தியில வெளையுத மாதிரி உள்ள வெளஞ்சிட்டு. இன்னும் ஒருதடவ அடிவரைக்கும் எறக்குனா, அதோட சரி. பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோ, வெல கொறையும். பழசுல உள்ள ஈயத்த உருக்கி மறுபடி பேட்டரிதான் செய்வாவ, வீணாப் போகாது."

"உருக்குனா உள்ள உள்ள வெயிலு என்ன ஆவும்ண்ணே?"

தாவீது பொய் சொல்லத் தெரியாதவர். "அது எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். கிளம்பும்போது சுவரில் இருந்த லாரி பல்பைப் பார்த்து நின்றார். "இதவா போட்டுப் பாக்க? இது பேட்டரியக் குடிக்கித பல்புல்லா. குடிச்சதுல முக்காவாசியச் சூடா வெளிய விட்டுரும், மிச்சந்தான் வெளிச்சம். இதே எடத்துல மாட்டுத எல்.ஈ.டி. இருக்கு, கொஞ்சமாத்தான் இழுக்கும். அடியில கெடக்குதது சொட்டுச் சொட்டா வரும்."

"அவிய மாட்டுன பல்புண்ணே அது" என்றாள் சந்தனமாரி.

அவர் பையிலிருந்து சின்னதாக ஒரு எல்.ஈ.டி. பல்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவள் அந்த எல்.ஈ.டி. பல்பைத் தொடவில்லை. அவன் கைபட்டதைக் கழற்றுவதா? எத்தனை தடவை உப்புத் துருவைச் சுரண்டி, துணியால் துடைத்து, அவன் மாட்டின மாதிரியே மாட்டி வைத்த பல்பு! ஆனால் இன்னும் ஒரே ஒரு தடவைதான். அமாவாசை அன்று காலையில் ரோசம்மா வீட்டுக்காரர் கேட்காமலே சுண்ணாம்புச் சட்டியோடு வந்து சுவரை வெள்ளையடித்துக் கொடுத்தார். ஈரம் காயக் காய ஆட்கள் வந்தார்கள். மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் சேர்ந்து ஓடி, ஓடி, இன்வெர்ட்டர் கத்தி, ஓய்ந்தது. சந்தனமாரி முக்காலியில் ஏறினாள். லாரி பல்பைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தச் சின்னப் பல்பை மாட்டினாள்.

சுயம்பு வந்தான். ஆனால் இதுவரை வந்ததுபோல அவசரப்பட்டு வரவில்லை. சொட்டுச் சொட்டாக வருகிற வெளிச்சத்தில், நேரம் இருக்கிறவன்போல, நிதானமாகத் துடைத்தான். விரல்கூடத் தெரிந்தது. பேனலின் மூலையில் மட்டும் துடைக்காமல் ஒரு பொட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தான். திரும்பினான். தட்டேந்தின பெண் நிழலைப் பார்த்தான். அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள், சுடுகிற தரையில் நிற்கிறவர்கள் நிற்பதுபோல. அவன் அவள் காலைப் பார்த்தான். பிறகு மெல்ல ஒரு எட்டு எடுத்து வைத்து, சூரியனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான்.

பெண் நிழல் காணாமல் போயிற்று. இந்த இடத்தில் எப்போதும் பல்பு அணைந்துவிடும். இன்றைக்கு அணையவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி நின்றான், நின்றுகொண்டே இருந்தான். அவன் நிழலின் விளிம்புக்கு வெளியே, இடுப்பு உயரத்தில், தட்டின் ஒரு ஓரம் மட்டும் பிறைபோல நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் போகவே இல்லை. அவன் நிழலுக்குள்ளே நின்றிருக்கிறாள்.

சந்தனமாரிக்கு அப்போதுதான் உள்ளங்கால் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கொதித்துக்கொண்டிருந்த தரை ஒரு நொடியில் குளிர்ந்தது. மேகம் மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவள் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதையும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்ததும் இல்லை. அவள் கால் நிழலில் இருக்கிறதா என்றுதான் குனிந்து பார்த்திருக்கிறான்.

"ரோசம்மாக்கா" என்றாள். "ஒரு பொட்டு மறச்சதுக்கு அந்தக் கத்து கத்துன மனுசன், தன் ஒடம்பு பூராவயும் பேனல் மேல போட்டு மறச்சிக்கிட்டுல்லா நிக்காவ!"

ரோசம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் குறைந்தது, ஆனால் சிவக்கவில்லை, பதறவில்லை. சுவரே மெதுவாகச் சுயம்புவின் நிறத்துக்கு மாறுவதுபோல இருட்டாகி, முடிந்தது. பிறகு ஒவ்வொருத்தராக மிக்சியையும் போனையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் தாவீது புது பேட்டரியோடு வந்தார். பழையதைத் தூக்கும்போது சந்தனமாரியும் ஒரு கை பிடித்தாள். வண்டியில் ஏற்றியபிறகு அதன் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். புதியதைப் பாதிக்குக் கீழே இறக்காதே என்று தாவீது ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். அவர் சொன்னபடியே அந்தப் பேட்டரி இன்றுவரை பாதிக்குக் கீழே இறங்கியது கிடையாது. மாவும் வீணாய்ப் போனது கிடையாது.

உச்சி சாய்ந்த நேரத்தில் அவள் தட்டோடு மாடி ஏறினாள். பேனலில் வைக்கவில்லை, அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் மட்டும் சின்னதாகச் சந்தனம் வைத்தாள். பிறகு அன்றைக்கு நின்ற அதே இடத்தில், வெறுங்காலோடு, தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். சூரியனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவள் நிழல் முழுசாகப் பேனல்மேல் விழுந்தது.

கொடியில் துணி எடுக்க வந்த ரோசம்மா பார்த்துவிட்டாள். "ஏ பிள்ள, என்னத்துக்கு இப்படிக் கொதிக்கித வெயில்ல நிக்க? செருப்பயாவது போடு."

"இருக்கட்டும்க்கா. முதல் வெயிலு, அடியிலயே கெடக்கும்" என்றாள் சந்தனமாரி. "அவிய வந்தா, அடிவரைக்கும் எறக்கிப் பாக்கட்டும்."

ரோசம்மா துணியோடு போய்விட்டாள். தரை நன்றாகச் சுட்டது. சந்தனமாரி கால் மாற்றி நின்றாளே தவிர, அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.